எட்டுப் பேர் அறைக் கணக்கு



"ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ஒண்டும் வேணாம். எல்லாரும் கூடி மசூறா பண்ணி நாட்டை ஆண்டா என்ன?" தேர்தல் காலத்தில் நம்மூர் ஹோட்டல்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்த நாடு அதை 16 வருடம் செய்து பார்த்திருக்கிறது.

1931இல் வந்த டொனமூர் யாப்பில் கட்சி அரசாங்கம் இல்லை. அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிறைவேற்றுக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்யும் தலைவரே அமைச்சர். குழுவின் சம்மதமில்லாமல் அவரால் அசைய முடியாது. முதல் சபையில் மட்டக்களப்பு தெற்கிலிருந்து போன மாக்கான் மாக்கார் அமைச்சரானார். அட்டனிலிருந்து போன பெரி சுந்தரமும் அமைச்சரானார்.

அடுத்தது 1936. ஏழு அமைச்சர்களும் சிங்களவர்கள். நாம் வகுப்பில் பிள்ளைகளைக் குழு பிரிப்பவர்கள், ஆகவே இந்தக் கணக்கு நமக்கு இலகுவாக விளங்கும். ஏறத்தாழ 58 பேர், ஏழு குழுக்கள், ஒரு குழுவுக்கு எட்டுப் பேரளவில். ஐந்து பேர் ஒரு பக்கம் நின்றால் தலைவர் அவர்களுடைய ஆள். பெரும்பான்மையை ஏழு அறைகளுக்கும் அளவாகப் பங்கிட்டால் மற்றவர்களுக்கு ஓர் அறையும் மிஞ்சாது. சட்டம் எதுவும் மீறப்படவில்லை. யாப்பைத் திருத்தக் கேட்பதற்கு அமைச்சர்கள் ஒரே குரலில் பேச வேண்டும் என்று காரணமும் சொன்னார்கள். அது முழுப் பொய்யுமல்ல. ஆனால் சிறுபான்மையினர் மனதில் விழுந்த கீறல் ஆறவில்லை.

அதற்காக அந்த முறையை உதவாதது என்று தள்ளவும் நமக்கு மனம் வரவில்லை. கன்னங்கராவின் கல்விக் குழு இருந்ததும் அதே சபையில்தான். 1945இல் இலவசக் கல்வி வந்தது அந்த வழியாகத்தான். அது வந்திராவிட்டால் நம்மில் எத்தனை பேர் இன்று ஆசிரியர்?

ஆகவே கூடிப் பேசி ஆளலாம், ஆண்டும் இருக்கிறார்கள். அறைக்குள் யாரை, எத்தனை பேரை அனுப்புவது என்பதை யார் தீர்மானிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1947இல் அந்தக் குழுக்கள் போய், மந்திரி சபை வந்தது. ஆனால் பிரதேச சபைகளில் இன்றும் குழுக்கள் உண்டு. உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் அவற்றில் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தவிசாளர் யார் என்று நாம் மாதக்கணக்கில் சண்டை பிடிக்கிறோம். நம்மூர் சபையின் நிதிக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், பார்ப்போம்.