கொரோனா பேரில் போட்ட பழி

என் மகள் 2019 ஆகஸ்டில் புதுக்கோட்டையில், அவள் பாட்டி வீட்டில் இருந்தபோது பிறந்தாள். ஓராண்டுக்குள் சென்னை மலேசியத் தூதரக அலுவலகத்தில் அவள் பிறப்பைப் பதிந்திருந்தால் இன்று அவள் மலேசியக் குடிமகள். நான் பதியவில்லை. ஏன் என்று கேட்ட எல்லோரிடமும் கொரோனா என்றேன். சொந்தக்காரர்கள் நம்பினார்கள். தோட்டத்தில் நம்பினார்கள். மனைவியும் நம்பினாள். தேதியைக் கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது 2020 மார்ச் 18-இல். அதற்கு முன்பு ஆறு மாதத்துக்கும் மேலாக விமானமும் ஓடியது, தூதரகமும் திறந்திருந்தது.

தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லவும் வாயில்லை. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. இபிஎஃப், சொக்சோ, தொலைந்த ஐசி (அடையாள அட்டை), பிள்ளையின் பிறப்புப் பத்திரம் என்று எந்தப் பாரமாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். காகிதம் இல்லாதவன் கதி என்ன என்று வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்தார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஆனபோது, சிவப்பு ஐசி வைத்திருந்த என் தாத்தாவின் தம்பி வேலையை இழந்து ரஜூலா கப்பலில் ஊருக்குப் போனார். நேரத்தோடு குடியுரிமைக்கு மனுப் போட்டு நீல ஐசி வாங்கியிருந்த தாத்தா இங்கேயே பால்மரம் சீவினார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

கல்யாணமான புதிதில் நான் இப்படி இல்லை. வெளிநாட்டில் நடந்த திருமணத்தைப் பதிவு இலாகாவில் பதிய ஆறு மாதக் கெடு உண்டு. அதற்கு முன்பே பதிந்தேன். இந்தியப் பிரஜையான மனைவியின் ஸ்பௌஸ் விசாவுக்குப் பிணைப் பத்திரம் எழுதி முத்திரை போட்டேன், அவளோடு வரிசையில் நின்றேன். குடிநுழைவு இலாகாவில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். விசா ஒட்டுவது அவள் பாஸ்போர்ட்டில்தான், ஆனால் கணவன் ஸ்பான்சராக நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் எதுவும் நகராது. அவள் இந்த நாட்டில் இருப்பதும் இல்லாததும் என் கையெழுத்தில் இருந்தது.

தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள். அங்கே இருக்கும்போதே விசா முடிந்தது. மகளின் பிறப்பைப் பதிய, என் ஐசி, பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு முறை சென்னைக்குப் போய் வர வேண்டும். பாரத்தைப் பூர்த்தி செய்து, 2019 அக்டோபர் என்று தேதியும் போட்டு, கையெழுத்திட்டு வைத்தேன். அதோடு சரி. டிக்கெட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் காருக்கு ஸ்போர்ட் ரிம் மாட்டினேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை மணிக்கு வந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. சம்பளம் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை. பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்து தவிக்கிறான் என்று எல்லோரும் இரக்கப்பட்டார்கள். லயத்து அக்காமார் குழம்பு கொடுத்தனுப்பினார்கள். இரவில் மனைவி போனில் கேட்பாள்.

“ஃபைல் எங்கங்க நிக்குது?”

“ஆபீஸ்லதாம்மா. மேலிடத்துல கையெழுத்து ஆகணும்.”

“எந்த ஆபீஸ்?”

“பெரிய ஆபீஸ்.”

ஆகவே மார்ச் 18 எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய்க்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தது போல. 2020 செப்டம்பர் 7 முதல் இந்தியப் பிரஜைகள் மலேசியாவுக்குள் வரத் தடை வந்தது, ஸ்பௌஸ் விசாக்காரர்களையும் சேர்த்து. 2021 ஏப்ரல் 28-இல் இந்திய விமானங்களும் நின்றன. உண்மையாகவே பிரிந்து கிடந்து துடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவனாக நானும் முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்குள் மகளின் ஓராண்டுக் கெடுவும் முடிந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் ஒரு மாலை, பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் செய்தித்தாள் துண்டோடு என் வீட்டுக்கு வந்தார். அவர் மலேசியர், கணவர் தமிழ்நாட்டுக்காரர், மகன் அங்கே பிறந்தவன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு மலேசியத் தகப்பன் நேராகக் குடியுரிமை கொடுக்கலாம், மலேசியத் தாய்க்கு அந்த உரிமை இல்லை என்பதுதான் அப்போதைய சட்டம். அதை எதிர்த்து ஃபேமிலி ஃப்ரண்டியர்ஸ் அமைப்பும் ஆறு தாய்மார்களும் தொடுத்த வழக்கில், 2021 செப்டம்பர் 9-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்திருந்தார்.

“அரசாங்கம் அப்பீல் போட்டிருக்குக்கா. இப்போதைக்கு அப்பா மலேசியரா இருந்தாத்தான் நேரா கிடைக்கும்” என்றேன், வக்கீல் மாதிரி.

“ஆம்பளைங்களுக்கு மட்டும் ஒரு கையெழுத்துல முடிஞ்சிருதா தம்பி?”

“ஆமாங்கக்கா.”

அவர் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்தார். நான் சாய்ந்து உட்கார்ந்திருந்த அலமாரியின் இழுப்பறையில் என் பாரம் கிடந்தது. அவர் கோர்ட்டை நம்பிக் காத்திருந்த உரிமை எனக்குப் பிறப்பிலேயே கிடைத்திருந்தது. நான் அதன்மேல் தண்ணீர் பில்லைப் போட்டு மூடி வைத்திருந்தேன். 2022 ஆகஸ்ட் 5-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியபோது, அதை அவரிடம் சொல்ல வேண்டியவனும் நானாகவே ஆனேன்.

2022 ஏப்ரல் 1-இல் எல்லை திறந்தது. இனிச் சொல்லக் காரணம் எதுவும் மிஞ்சாததால் அலையத் தொடங்கினேன். அந்த ஆண்டுக் கடைசியில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள், மகள் இந்தியப் பாஸ்போர்ட்டில். நானாக மனைவியிடம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அந்தப் பாரம் அவள் கையில் கிடைத்தது. தேதியைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். “பாவம்ங்க, அந்த ஆபீஸ்காரங்க. ராத்திரி ராத்திரி எவ்வளவு சபிச்சிருக்கேன்” என்றாள். பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை.

தாய்மாருக்கும் அந்த உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தம் 2024 அக்டோபர் 17-இல் மக்களவையில் நிறைவேறியது. ஆனால் அது முன்தேதியிட்டுச் செல்லாது. ஏற்கெனவே பிறந்துவிட்ட அக்காவின் மகனுக்கு இருப்பது 15(2) பிரிவுதான். தாயோ தகப்பனோ மலேசியராக இருக்கும் பிள்ளையைக் குடிமகனாகப் பதியும்படி அரசிடம் கேட்கும் மனு அது. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம், பதில் வர ஆண்டுகள் ஆகும். என் மகளுக்கும் அதே மனுதான். அக்காவின் மகனைச் சட்டம் அந்த வரிசையில் நிறுத்தியது. என் மகளை நிறுத்தியது நான். தமிழ்ப்பள்ளிப் பதிவுப் பாரத்தில் குடியுரிமைக் கட்டத்தில் ‘இந்தியா’ என்று எழுதியதும் இதே கைதான்.

மனுவோடு ஒரு விளக்கக் கடிதமும் வைத்தேன். குறித்த காலத்தில் ஏன் பதியவில்லை என்பதற்கு, கோவிட்-19 காரணமாக எல்லை மூடப்பட்டிருந்தது என்று எழுதினேன். எல்லை மூடியிருந்தது உண்மைதான். அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்று பல முறை நினைத்தேன். அதனால் அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். பூசி மெழுகியது நான். அந்தக் கடிதம் இருப்பது அவள் ஃபைலில்.