இக்கித்தோஸின் கூரை முடைபவர்கள்

பெரு நாட்டின் இக்கித்தோஸ் நகரை வெளியுலகோடு இணைக்கும் சாலை கிடையாது. ஏறக்குறைய 5 லட்சம் பேர் வாழும் இந்த அமேசான் துறைமுகத்துக்கு விமானத்தில் வரலாம். அல்லது புக்கால்பாவிலிருந்து படகேறி, மேல்தளத்தில் தூளி கட்டிப் படுத்தபடி நாள்கணக்கில் மிதந்து வரலாம். ஊரிலிருந்து கிளம்பும் ஒரே நெடுஞ்சாலையும் சுமார் 100 கி.மீ. தள்ளி நௌத்தா என்ற ஊரின் ஆற்றங்கரையில் முடிந்துவிடுகிறது.

ரப்பர் பணத்தில் எழுந்த பழைய மாளிகைகளைத்தான் வருகிறவர்கள் பார்க்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது இங்குள்ள ஓலைக்கூரையின் கதை. நனாய் ஆற்றுத் துறையில் ‘பெக்கெ-பெக்கெ’ ஏறினேன். நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும் சிறு மோட்டார் படகு அது. எழுப்பும் சத்தமே அதற்குப் பெயர்.

ஆற்றோரக் கிராமம் ஒன்றில், கால்கள் நட்டு உயர்த்திய வீட்டின் தரையில் ஒரு மூதாட்டியும் அவர் மகளும் முடைந்துகொண்டிருந்தார்கள். ஓலை, ‘இரபாய்’ என்ற குட்டைப் பனையினுடையது. வெள்ளம் ஏறாத மேட்டுக்காட்டில், பெருமரங்களின் நிழலில் கூட்டமாக வளர்வது. தென்னங்கீற்றைப்போல ஓலையை ஓலையோடு பின்னுவதில்லை. போனா மரத்தைப் பிளந்தெடுத்த, ஏறத்தாழ 3 மீட்டர் நீளச் சட்டத்தில் ஒவ்வொரு ஓலையின் காம்பையும் மடித்துச் சுற்றி, அடுத்த ஓலையால் அழுத்திப் பூட்டுகிறார்கள். ஆணியும் இல்லை, கயிறும் இல்லை. ஒரு சட்டம் நிறைய நூற்றுக்கும் மேற்பட்ட ஓலைகள் வேண்டும். முடிந்த வரிசைக்கு ‘கிரிஸ்நேஹா’ என்று பெயர்.

வரிசைகளை எவ்வளவு நெருக்கி அடுக்குகிறோமோ அவ்வளவு காலம் கூரை நிற்கும். அடியில் விறகடுப்பு எரிந்தால் புகை பூச்சியை அண்டவிடாது. ஆயுள் இன்னும் கூடும்.

காம்பை மட்டும் அறுத்தால் பனை மறுபடி தழைக்கும். குருத்தையும் சேர்த்து மொட்டையடித்தால் தேறுவதற்கு வருடங்கள் ஆகும். நகரத்துக்கு அருகில் அப்படி வெட்டித் தீர்த்த காடுகளால், ஓலைக்காக இப்போது வெகுதூரம் நடக்கவேண்டியிருக்கிறது. நடைக்கும் சுமைக்கும் தனிக்கூலி இல்லை. விலை முடைந்த சட்டத்துக்குத்தான். அதையும் துறையில் வாங்குகிற வியாபாரியே சொல்கிறார்.

அந்த வீட்டின் பாதிக் கூரை தகரமாக மாறியிருந்தது. வெயிலில் தகரம் கொதிக்கும், மழையில் பேச்சே கேட்காது. ஆனாலும் அடிக்கடி மாற்றவேண்டாம், தீப்பிடிக்காது என்றார் மகள். ஓலைக்கூரையை இன்று விரும்பிக் கேட்பவை சுற்றுலா விடுதிகள். குளுமைக்கும் அழகுக்கும் அங்கே அறை வாடகை கூடுகிறது. முடைகிற கைக்கு அதில் பங்கு வருவதில்லை.

பனையை அளவோடு அறுக்கும் பக்குவமும் நெருக்கி முடையும் திறமும் இந்த மக்களிடம் இருக்கின்றன. அதற்குரிய விலையை விடுதிகள் நேரடியாகக் கொடுக்காதவரை, அடுத்த தலைமுறை இந்த வேலைக்கு வரும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.