ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாதே!

முதல்லயே சொல்லிடறேன், இது மதம் பற்றிய பதிவு இல்லை. நான் சர்ச்சுக்குப் போற ஆளும் இல்லை. ஒரு கேசட், ஒரு கேசியோ கீபோர்டு, ஒரு அண்ணன். அவ்வளவுதான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே :-)

புதுக்கோட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன சர்ச். அங்கே கீபோர்டு வாசித்த அண்ணன் எங்களுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். ஆறாம் வகுப்பில் அவரிடம் போய் ஒட்டிக்கொண்டேன். ஃபீஸ் கிடையாது. அவருக்கு டீ வாங்கி வர வேண்டும், அவ்வளவே.

ஒரே ஒரு சட்டம் உண்டு. ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தொடக்கூடாது. சர்ச்சில் பாடுகிறவர்கள் எந்தச் சுருதியில் ஆரம்பிப்பார்கள் என்று ஆண்டவருக்கே தெரியாது. அதனால் பலபேர் தெரிந்த ஒரே ஸ்கேலில் வாசித்துக்கொண்டு, பட்டனை அமுக்கிச் சுருதியை மாற்றிச் சமாளிப்பார்கள். அண்ணன் விடமாட்டார். "பட்டன் இல்லாத ஆர்கன் கிடைச்சா என்னடா பண்ணுவ?" என்பார். அடுத்த திட்டு இடது கைக்கு. "வலது கை ஓடுது, இடது கை தூங்குது பாரு."

நோட்ஸ் எழுத அழுதேன் என்று ஒரு நாள் பஸ் ஏற்றி குடுமியான்மலைக்குக் கூட்டிப் போனார். குடைவரைக் கோயில் பக்கத்துப் பாறையில் அந்த இசைக் கல்வெட்டு. கிட்டத்தட்ட 1300 வருடம் பழசு. மாணவர்களுக்காக வெட்டிய சுரங்கள். "பாறையில உளியால எழுதியிருக்காங்க. உனக்கு ஒரு பக்கம் பேனாவால எழுத வலிக்குதா?" ஙே என்று முழித்தேன்.

அவரிடம் ஒரு கேசட் இருந்தது. 'மைக்கேல் டபிள்யூ. ஸ்மித் ப்ராஜக்ட்', 1983இல் வந்தது. ஸ்மித்தின் முதல் ஆல்பம். அதற்கு முன் அவர் ஏமி கிராண்ட் என்ற பாடகியின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். மேடையில் ஓரமாக நிற்கிற ஆள் நடுவுக்கு வந்தால் என்ன ஆகும்? வழக்கமாக முன்னால் நிற்கிற கிடார் பின்பெஞ்சுக்குப் போய்விடுகிறது, கீபோர்டு முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. மிடி வந்ததும், யமஹா டிஎக்ஸ்7 வந்ததும் அதே 1983தான். நம் ஊரில் 'புன்னகை மன்னன்' தீம் மியூசிக்கைக் கேட்டு வாய் பிளக்க நமக்கு 1986 ஆனது. ஸ்மித்தின் அடுத்த ஆல்பம் கிராமி வாங்கியது. 1991இல் அவர் பாட்டு பில்போர்டில் ஆறாம் இடம் வரை போனது. ஆனால் எனக்கு அந்த முதல் கேசட்தான். இன்று கேட்டால் சில சத்தங்கள் பழைய வீடியோ கேம் மாதிரிதான் இருக்கும். இருக்கட்டுமே.

அதில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று ஒரு பாட்டு. அதைக் காதால் கேட்டே பிடிக்கச் சொன்னார். ரீவைண்ட், ப்ளே, ரீவைண்ட், ப்ளே. டேப் ஒரு இடத்தில் தேய்ந்தே போனது. வலது கை வந்துவிட்டது. இடது கை வரவில்லை.

2009இல் அண்ணன் சிங்கப்பூருக்குக் கிளம்பினார். எங்கள் பக்கம் அது புதிதில்லை, வீட்டுக்கு ஒருத்தர் போவார்கள். ஆனால் என்னிடம் சொன்னது கிளம்புவதற்கு முந்தின நாள்தான். எனக்கு வந்ததே கோபம். வழியனுப்பப் போகவில்லை. மாடியில் படுத்துக்கொண்டு கார் கிளம்பும் சத்தத்தைக் கேட்டேன். சாயங்காலம் அம்மா அந்தக் கேசட்டைக் கொடுத்தாள். "உன்னைய ரொம்ப நேரம் தேடுச்சுடா அந்தப் புள்ள."

அப்புறம் இன்ஜினியரிங், சென்னை, வேலை, கோட், பக், டெட்லைன். போன மாதம் அந்தப் பாட்டு பிறந்த கதையைப் படித்தேன். ஸ்மித்தோடு பைபிள் வகுப்பில் இருந்த ஒரு நண்பர் ஊரைவிட்டுப் போகிறார். அவருக்குப் பரிசாக மனைவி டெபி வரிகளை எழுத, ஸ்மித் மெட்டுப் போட்டு, அன்று மாலையே பாடிக் காட்டியிருக்கிறார்கள். பிரிகிறவனுக்காக அவசரமாகப் பின்னின பாட்டு! அதைத்தான் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் மாடியில் படுத்திருந்தேன்.

ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வாசித்தேன். பட்டனைத் தொடவில்லை. ஃபோனில் பதிவு செய்து, நம்பர் தேடி வாங்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அன்னிக்கு வராததுக்கு மன்னிச்சுக்கங்கண்ணே" என்று ஒரு வரி. ரெண்டு நாள் நீல டிக் மட்டும். மூன்றாம் நாள் பதில் வந்தது.

"இடது கை இன்னும் தூங்குதுடா. மறுபடி வாசிச்சு அனுப்பு."

வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

டிஸ்கி: கேசட் பத்திரமாக இருக்கிறது. ஓட்டத்தான் டேப் ரிக்கார்டர் இல்லை. யாரிடமாவது ஓடுகிற நிலையில் இருந்தால் சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போகும்.