மூர்த்தி சிறிதானாலும்…
1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் உருண்டு வரும் ஆர்-டூ டி-டூ என்னும் இயந்திரத்தை அறிவீர்கள் அல்லவா? அதை அதே அளவில் வீட்டிலேயே செய்யக் கோடை விடுமுறையில் அக்காள் தங்கையர் மூவரும் முனைந்தோம்.

பாலிஸ்டைரீன் என்னும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைக் கத்தியால் கீறி வளைத்தால், கோட்டோடு ஒடியும். 46 செ.மீ. விட்டமுள்ள வளையங்களால் சட்டம் அமைத்து, மெல்லிய தகட்டை இரண்டு சுற்றாகப் போர்த்தினோம். இதற்குரிய பசை தகட்டின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நெடி கடுமையாதலால் அப்பா அருகிருக்க, சன்னல்களைத் திறந்து வைத்தே ஒட்டினோம்.

உயரம் ஏறக்குறைய 110 செ.மீ. எங்கள் கடைக்குட்டியும் அவ்வளவே! "குள்ளச்சி" என்ற கேலிக்கு அஞ்சி, பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதவள் அவள். படத்தில் அந்த இயந்திரத்தினுள் அமர்ந்து அதற்கு உயிரூட்டியவர், சுமார் 112 செ.மீ. உயரமே உடைய கென்னி பேக்கர் என்ற ஆங்கிலேய நடிகர் என்று சொன்னோம். அவள் கண்கள் விரிந்தன. உருளைக்குள் புகுந்து விளக்குக் கம்பிகளைக் கட்ட அவளால்தான் முடிந்தது. நாங்கள் வெளியே நின்று திருகாணி எடுத்துக் கொடுத்தோம்.

இப்போது அவள் அழாமல் பள்ளிக்குக் கிளம்புகிறாள். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பதை மறவாதிருப்போம், தோழியரே!