கிண்டிக்கு வந்த பிள்ளைகள்

ஜூன் மாதக் கடைசியில் கோயம்பேட்டிலிருந்து கிண்டிப் பக்கம் வரும் பஸ்களில் விடியற்காலையிலேயே ஒரு தனிக் கூட்டம் தெரியும். பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை, துணைக்கு அப்பாவோ தாய்மாமனோ, மடியில் சான்றிதழ்கள் அடுக்கிய பிளாஸ்டிக் ஃபைல். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அரசுப் பஸ்ஸில் பாதிக் கட்டணம். இராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து, கசங்கிய சட்டையோடு அண்ணா பல்கலைக்கழக வாசலில் இறங்குவார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங் நேரில் நடந்த காலம் அது.

2011-இல் நான் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைந்திருந்தேன். கவுன்சிலிங் நாள்களில் என்.எஸ்.எஸ். மாணவர்கள் வழிகாட்ட நின்றோம். சான்றிதழ் சரிபார்ப்பு எங்கே, முன்பணம் கட்டும் பேங்க் கவுன்ட்டர் எங்கே, கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுவதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட வேலை. ஆனால் காலையில் வந்து இறங்கியவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் அழைப்பு இருக்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளையும் பெற்றோரையும் வளாகம் முழுக்கச் சுற்றிக் காட்டுவோம். யாரும் சொல்லி அனுப்பிய வேலையில்லை. அவர்கள் கேட்டார்கள், நாங்கள் கூட்டிப் போனோம்.

முதலில் போவது சிவப்புக் கட்டடம். அதன் கடிகாரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி, படியேறும் முன் செருப்பைக் கழற்றிவிட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் ஐயா என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். படிப்பு நடக்கிற இடத்துக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. அங்கே நின்றுகொண்டு கல்லூரியின் கதையைச் சொல்வேன். 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் நில அளவை கற்றுக்கொடுக்கத் தொடங்கிய சிறு பள்ளிக்கூடம்தான் இதன் வித்து. 1859-இல் பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு வந்தது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமானது.

வெளியூர்ப் பிள்ளைகள் வருஷத்தைக் கேட்டு வாய் பிளப்பார்கள். அவர்களின் அப்பாக்களுக்குப் பிடிபட்டது நில அளவைதான். ஒருநாள் அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். மைதானத்தில் சீனியர்கள் தியோடலைட்டை முக்காலியில் ஏற்றி, தூக்குக்குண்டின் முனை தரையிலிருந்த குறிக்கு நேராக வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எங்க ஊருக்கு சர்வேயரு செயினத் தூக்கிட்டு வருவாரு தாயி. அவரு அளந்து கல்லு நட்டாத்தான் பங்காளிச் சண்டை தீரும். அந்தப் படிப்பா இது?"

"ஆமாங்கய்யா. ரோடு, பாலம், அணைக்கட்டு எதுவானாலும் முதல் வேலை அளக்குறதுதான்."

"அப்ப பொம்பளப்புள்ள வெயில்ல நிக்கணுமே?"

நான் வாயைத் திறக்கும் முன் மகள் சொன்னாள்: "பருத்தி எடுக்கையில நான் வெயில்ல நிக்கலையாப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மாணவர் கூப்பிட்டு தியோடலைட்டில் பார்க்கச் சொன்னார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தலைகீழாகத் தெரியுமோ என்று கேட்டார். இல்லை, நேராகவே தெரியுது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பெண் என்னைத் தனியே இழுத்துக் கேட்டது வேறு: "அக்கா, எல்லாமே இங்கிலீஷ்லதான் நடத்துவாங்களா?" தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி அதுதான். சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் 2010-இலேயே தமிழ்வழி வகுப்புகள் தொடங்கியிருந்தன. அதைச் சொன்னேன். கூடவே, நானும் தமிழ் மீடியம்தான், முதல் செமஸ்டர் கண்ணைக் கட்டும், இரண்டாவதில் பழகிவிடும் என்றும் சொன்னேன். நான் சொன்னதில் அவள் நம்பியது அந்த இரண்டாவது விஷயத்தைத்தான். அவளுடைய முகம் தெளிந்ததை நான் நேரில் பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் காத்திருப்புக் கூடத்தில் எல்லோர் கண்ணும் திரையில்தான். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று அதில் ஓடும். கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு என்று இருநூறுக்குப் போட்ட கட்ஆஃப்தான் பிள்ளைகளின் விதி. நினைத்துவந்த பிரிவில் எண் மூன்றாகி, இரண்டாகி, பூஜ்யமாகும். பக்கத்துப் பிள்ளையின் கை சில்லிட்டுப்போவது தொட்டால் தெரியும். அந்த நேரத்தில், வெளி வாசலில் யாரோ கையில் திணித்த வண்ண நோட்டீஸைப் பார்த்து அவசர முடிவு எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே நாங்கள் கூட உட்காருவோம். கணக்கு வாத்தியார் நோட்டுத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்த கல்லூரிப் பட்டியலை அந்தப் பெண் வைத்திருந்தாள். மேலே இருந்தவை ஒவ்வொன்றாக அடிபட்டன. திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைத்தது. ஒதுக்கீட்டு ஆணையைப் பெரியவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

2017-தான் பொதுப்பிரிவுக் கவுன்சிலிங் இப்படி நடந்த கடைசி வருஷம். 2018-இல் இணையவழிக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இப்போது இராமநாதபுரத்துப் பிள்ளை இராமநாதபுரத்திலேயே விருப்பப் பட்டியலைப் பதிவு செய்துவிடலாம். கூலி வேலையை இரண்டு நாள் விட்டுவிட்டு, கடன் வாங்கி, சென்னைக்கு வந்து பிளாட்பாரத்தில் குளித்துக் கிளம்பும் நிலை யாருக்கும் இல்லை. அது பெரிய விடுதலை. பழைய அலைச்சல் திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அலைச்சலோடு சேர்ந்து வேறொன்றும் போய்விட்டது. அன்று கடைசி ரேங்க் வாங்கிய பிள்ளைகூட ஒரு பல்கலைக்கழகத்துக்குள் காலை வைத்துவிட்டுத்தான் தன் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது. ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்த்தது. தன்னைவிட ஓரிரு வயது மூத்த, தன்னைப் போலவே பேசுகிற ஒருவரிடம் பயத்தைச் சொல்லிப் பதில் வாங்கியது. இன்று பிரவுசிங் சென்டரில், கல்லூரிகளின் கோட் எண்களை வேறு யாரோ தட்டித் தர, பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கிறது. கல்லூரி விளம்பரம் தவிர வேறு குரல் அதன் காதில் விழுவதில்லை.

2022-இல் தொடங்கிய 'கல்லூரிக் கனவு' போன்ற அரசு நிகழ்ச்சிகள் இந்த இடைவெளியை அடைக்கப் பார்க்கின்றன. அவை நல்ல முயற்சிகள். ஆனாலும் மேடையில் இருப்பவரிடம், எனக்கு இங்கிலீஷ் வராது என்று எந்தப் பிள்ளையும் மைக்கில் சொல்லாது. அதைச் சொல்ல மரத்தடியும், பக்கத்தில் ஒரு அக்காவோ அண்ணனோ வேண்டும். இன்று கல்லூரியில் படிக்கிற ஒவ்வொருவரும் பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில் ஒரு நாளாவது தான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார வேண்டும். நாங்கள் அன்று கிண்டியில் செய்ததைவிட அது சுலபம். அதற்கு யாரும் இரவெல்லாம் பஸ்ஸில் வர வேண்டியதில்லை. நாம்தான் அவர்கள் ஊருக்குப் போக வேண்டும்.