மகோகனியின் மதுரைப் பங்காளி

சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள், மதுரை மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகம். கிரீடம் சூட்டி, செங்கோல் கொடுத்து, கழுத்தில் மாலை அணிவிக்கிறார்கள். மல்லிகைக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் அன்று அரசிக்கு வேப்பம்பூ மாலை! சேரருக்குப் பனம்பூ, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு என்பது சங்க கால வழக்கம். பாண்டிய மன்னர்கள் போய்விட்டார்கள்; அவர்களின் மாலை மட்டும் மீனாட்சியிடம் இருக்கிறது.

ஊரிலும் அது வேம்பு பூக்கும் காலம்தான். வாசலில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக் காயவைத்து ரசத்துக்கும் பச்சடிக்கும் எடுத்து வைக்காத வீடு குறைவு.

ஒரே குடும்பம்

நகரத்தைத் தாண்டினால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் வரப்போரம் வேம்பு நிற்கும். யாரும் நட்டிருக்க மாட்டார்கள். மைனாவும் காக்கையும் பழத்தைத் தின்றுவிட்டுப் போட்ட விதை, வேலியோரமும் பனையடியிலும் தானாக முளைத்திருக்கும்.

இன்று மரம் வளர்க்க நினைப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது மகோகனிக் கன்று. அமெரிக்கக் கண்டத்து மரமான அது, 1795இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. அந்த மகோகனியும் நம் வேம்பும் மலைவேம்பும் ‘மீலியேசி’ என்ற ஒரே தாவரக் குடும்பம். வேம்பின் வைரமும் சிவப்புதான். கரையான் எளிதில் அண்டாது. பழைய வீடுகளில் வேப்பமரக் கதவும் நிலையும் இன்னும் உறுதியாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

ஆனி, ஆடியில் விதை

வேம்பு வளர்ப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: விதை புதிதாக இருக்க வேண்டும். முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும். ஆனி, ஆடியில் மஞ்சளாகப் பழுத்த பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். ஐப்பசி மழையோடு கன்றை நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். செம்மண், கரிசல், கல்லாங்குத்து எதுவும் சரி. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது.

மிச்சமாகும் வேப்பமுத்து வயலுக்கு மருந்து. 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பார்கள். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாப் பச்சையையும் மொட்டையடித்தபோது வேம்பை மட்டும் விட்டுப்போனதைப் பார்த்துத்தான் ஜெர்மானிய விஞ்ஞானி ஷ்முட்டரர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறகு வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பாவில் காப்புரிமை தரப்பட்டது. அது இந்தியர்கள் ஏற்கெனவே அறிந்த விஷயம் என்று இந்தியத் தரப்பு வாதாட, 2000இல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி ஆனது.

வெட்டும் முன்...

பூச்சிக்கே மருந்தான மரத்துக்கும் நோய் உண்டு. சில ஆண்டுகளாகத் தமிழகத்தின் பல மாவட்டங்களில் மழைக்காலம் முடியும்போது வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகி, பட்டுப்போனது போல நிற்கின்றன. தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியும், அதன் பின்னால் வரும் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை இது. “மரம் செத்துப்போச்சு” என்று உடனே கோடரி எடுப்பவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறியதும் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. காய்ந்த கிளைகளை மட்டும் கழித்து எரித்துவிட்டால் போதும்.

முப்பது, நாற்பது வருடம் நிழல் தந்த மரத்துக்காக மூன்று மாதம் பொறுக்கலாம். பங்குனி வெயிலில் கிளை நுனியில் செந்தளிர் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு முடிவெடுக்கலாம்.