வாசல் பெட்டியில் ஆப்பிள்

செப்டம்பர் கடைசியில் நாட்டிங்ஹாம் தெருக்களில் நடந்தால், சில வீட்டு வாசல்களில் அட்டைப்பெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே பெரிய பெரிய பச்சை ஆப்பிள்கள். மேலே ஒரு சீட்டு: 'வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.' காசு கிடையாது, காவலும் கிடையாது. மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய மூன்றாம் நாள், அப்படி ஒரு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அங்கேயே ஒரு கடி கடித்தேன். கண் தானாக மூடிக்கொண்டது. நம்ம ஊர் மாங்காய் தோற்றுவிடும், அப்படி ஒரு புளிப்பு.

"அம்மா, அது கடிச்சுத் திங்குறது இல்ல. சமைக்கிற ஆப்பிள்" என்று மகள் சிரித்தாள்.

அந்தப் பெட்டி பக்கத்து வீட்டு அம்மாவுடையது. வயது எழுபத்தெட்டு, தனியாக இருக்கிறார். நான் முகம் சுளித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வெளியே வந்தார். "சுகமா, டக்?" என்றார்.

"என்னடி, என்னை வாத்துங்கிறாங்க?"

"இந்தப் பக்கத்துல எல்லாரையும் அப்படித்தாம்மா கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல 'கண்ணு'ன்னு சொல்ற மாதிரி."

அவருக்கு ஒரு கவலை இருந்தது. அவர்கள் பேட்டையின் பொதுக் கூடத்தில் வருஷாவருஷம் அறுவடை விருந்து நடக்கும். அறுபது பேருக்கு ஆப்பிள் கிரம்பிள் செய்வது பல வருஷமாக அவர் வேலை. இந்த வருஷம் கை முறிந்துவிட்டது. 'சிரமப்படாதீர்கள், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்கிறோம்' என்று விருந்து நடத்துகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால், அவர் அதைச் சொன்ன விதத்தில், விருந்துக்கே போகப் போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது. வீட்டில் இருக்கிற ஒரே வேலையையும் பிடுங்கிக்கொண்டால் மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மகள் வீட்டில் நானும் மூன்று நாளாக 'நீ உட்காரும்மா' என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் செய்றேன்னு சொல்லுடி" என்றேன். கிரம்பிள் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது!

விருந்துக்கு நான்கு நாள் இருந்தபோது, அவரே எங்களை சௌத்வெல்லுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். "சமைக்கிறதுக்கு முன்னாடி அது பிறந்த ஊரைப் பார்த்துடட்டும்" என்றாராம். நாட்டிங்ஹாமிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர். மகள் கார் ஓட்ட, வழியெல்லாம் வேலியோரம் ப்ளாக்பெர்ரி முள் புதர்கள். சின்ன ஊர்தான். அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பிரமாண்டத்தில் ஒரு தேவாலயம், முகப்பில் மிளகுத்தூள் டப்பா மாதிரி இரட்டைக் கூம்பு. உள்ளே ஒரு மண்டபம் முழுக்க 13-ம் நூற்றாண்டுச் சிற்பிகள் கல்லில் இலைகளாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். ஓக், திராட்சை என்று இலையை வைத்தே செடியைச் சொல்லிவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். அந்த அம்மா ஆப்பிள் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு சாதாரண வீடு. 1809-ல் அங்கே வசித்த மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி, ஆப்பிள் விதைகளை நட்டாள். ஒரு விதை மரமானது. அவள் வளர்ந்து, கல்யாணமாகி, அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டாள். 1846-ல் வீட்டை வாங்கியவர் மேத்யூ பிராம்லி, ஊர்க் கசாப்புக் கடைக்காரர். பத்து வருஷம் கழித்து, ஹென்றி மெரிவெதர் என்ற 17 வயது நாற்றுப் பண்ணைப் பையன் அந்தப் பழத்தைப் பார்த்து அசந்துபோய், ஒட்டுக் கட்டக் குச்சி கேட்டான். 'தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் பழத்துக்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டும்' என்றார் பிராம்லி. அப்படியே ஆனது. 1862-ல் முதல் விற்பனை. இன்றைக்கு உலகத்தில் எங்கே பிராம்லி ஆப்பிள் காய்த்தாலும், அது அந்த ஒரே மரத்தின் ஒட்டு. மேரி ஆன் 1852-லேயே இறந்துவிட்டார்.

"நட்டது அவள், பெயர் கசாப்புக் கடைக்காரருக்கு" என்றார் அந்த அம்மா. இதைப் பல பேரிடம் பல தடவை சொல்லியிருப்பார் போல. இருந்தாலும் கோபம் ஆறவில்லை.

தாய்மரம் பின்தோட்டத்தில் இருக்கிறது, தெருவிலிருந்து தெரியாது. 1900-ல் புயலில் சாய்ந்து, கிடந்த இடத்திலிருந்தே திரும்பத் துளிர்த்த மரம். இப்போது அதைப் பூஞ்சை நோய் அரித்துக்கொண்டிருக்கிறது. காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததால் விஞ்ஞானிகள் திசு வளர்ப்பில் அதன் கன்றுகளை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இனி சமையலுக்கு வருவோம். பிராம்லியைச் சூட்டில் வைத்தால் துண்டு துண்டாக நிற்காது, பஞ்சு மாதிரி பொங்கிக் குழைந்துவிடும். அந்தப் புளிப்பும் குழைவும்தான் கிரம்பிளுக்கு உயிர். கடித்துத் தின்கிற இனிப்பு ஆப்பிளைப் போட்டால் அல்வாத் துண்டு மாதிரி விறைத்து நிற்கும்.

அறுபது பேருக்கு அந்த அம்மா சொன்ன கணக்கு: ஆப்பிள் 12 கிலோ, தோலும் நடுவும் போக 9 கிலோ நிற்கும். அதன் மேல் தூவ ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை. மேல்மாவுக்கு மைதா 2.4 கிலோ, வெண்ணெய் 1.2, சர்க்கரை 1.2. இரண்டுக்கு ஒன்று, ஒன்று என்பதை மறக்காவிட்டால் ஆறு பேரானாலும் அறுநூறு பேரானாலும் ஒன்றுதான். ஐந்து பெரிய தட்டு, தட்டுக்கு 12 பேர். ஆப்பிளில் தண்ணீரே ஊற்றக்கூடாது, அதுவே போதுமான அளவு விடும். கூடவே இரண்டு கைப்பிடி ப்ளாக்பெர்ரி. செப்டம்பர் 29-க்குப் பிறகு ப்ளாக்பெர்ரி பறிக்கக் கூடாது, சாத்தான் துப்பிவிடுவான் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நாங்கள் 27-ந் தேதியே பறித்துவிட்டோம். யாருக்கு வம்பு?

விருந்தன்று காலை கூடத்துச் சமையலறையில் நானும் மகளும் அவர் சிநேகிதி ஒருவரும் தோல் சீவினோம். சீவச் சீவ எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் போட்டோம், இல்லாவிட்டால் கறுத்துவிடும். அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்து இடது கையால் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு மாவு. வெண்ணெயையும் மாவையும் விரல் நுனியால் தேய்க்க வேண்டும் என்றார். தலையாட்டிவிட்டு, நாற்பது வருஷப் பழக்கத்தில், உள்ளங்கையால் அழுத்தி சப்பாத்திக்குப் பிசைவது மாதிரி பிசைந்துவிட்டேன். என் கைச்சூட்டில் வெண்ணெய் உருகி, முதல் பங்கு அத்தனையும் ஒரே உருண்டை.

நான் அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். விருந்துக்கு எட்டு மணி நேரம்தான் இருந்தது. சூப்பர் மார்க்கெட் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு வயிறு கலங்கியது.

அவர் எழுந்துவந்து, இடது கையால் அந்த உருண்டையைத் தட்டையாகத் தட்டி, பொட்டலம் கட்டி, ஃப்ரீசரில் வைத்தார். "கல்லானதும் கேரட் சீவுகிற துருவியில் துருவிக்கலாம், டக்" என்றார். தேங்காய்த்துருவல் மாதிரி உதிர்ந்தது. பிறகு கிண்ணத்தில் மீதி மாவில் கொஞ்சம் எடுத்து விரல் நுனியால் எனக்குத் தேய்த்துக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது. இது புட்டுக்கு மாவு விரவுகிற வேலை! பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் பிசையப்போகிறேன்? மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன்.

மேல்மாவை முன்கூட்டியே தூவி வைத்தால் ஊறிப்போகும். அடுப்பில் வைக்கிற நேரத்தில்தான் தூவ வேண்டும், அழுத்தவும் கூடாது. 180 டிகிரி, 50 நிமிஷம். அவனில் ஒரு தடவைக்கு இரண்டு தட்டுதான் கொள்ளும் என்பதால் மூன்று மணிக்கே ஆரம்பித்தோம். ஓரத்தில் ஊதா நிறச் சாறு கொப்பளித்து வரும்போது பதம்.

இரண்டாம் உலகப் போரில் வெண்ணெய், சர்க்கரையெல்லாம் ரேஷன். 1940-ல் தொடங்கி 1954 வரைக்கும் இழுத்தது. அந்தக் காலத்தில் மாவும் வெண்ணெயும் அதிகம் கேட்கிற பைக்குப் பதிலாகத்தான் கிரம்பிள் வீட்டுக்கு வீடு பரவியது என்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ரேஷன் ஞாபகம் லேசாக இருக்கிறது, மிட்டாய்க்குக் கூப்பன் கொடுத்தது மட்டும்.

கிரம்பிள் மேல் சூடாகக் கஸ்டர்ட் ஊற்றித்தான் சாப்பிடுவார்கள். 'முட்டை இருக்குமே' என்று தயங்கினேன். முட்டை கிடையாது. 1837-ல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக, சோளமாவில் கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். நம் வீட்டில் ஃப்ரூட் சாலட்டுக்குக் கலக்குகிற அதே மஞ்சள் பவுடர். ஐந்து லிட்டர் பாலில் நான்தான் காய்ச்சினேன், ஒரு கட்டி விழவில்லை.

சாயங்காலம் ஆறு மணி. சூப், ரொட்டி எல்லாம் முடிந்து ஐந்து தட்டும் மேஜைக்கு வந்தன. துருவிப்போட்ட தட்டு எதுவென்று எனக்கே தெரியவில்லை. ஒரு தட்டில் மட்டும் அடியில் சாறு கொஞ்சம் அதிகம், ப்ளாக்பெர்ரி கைப்பிடி பெரிதாகிவிட்டது. அதற்குத்தான் முதலில் வரிசை நின்றது. இரண்டாம் தடவை வந்தவர்களுக்கு ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டித்தான் கொடுத்தோம். அந்த அம்மா நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் ராணி மாதிரி நின்றிருந்தார்.

தட்டுகளுக்கு முன்னால், யார் செய்தது என்று ஒரு சீட்டு வைப்பது அங்கே வழக்கம். பாத்திரம் எடுக்கப் போனபோதுதான் அதைக் கவனித்தேன். இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தது. மேலே என் பெயர், கீழே அவர் பெயர். என் பெயரில் இரண்டு எழுத்துப்பிழை. மகள் திருத்துகிறேன் என்று பேனாவை எடுத்தாள். வேண்டாம் என்று சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.